நான்கு பிள்ளைகள், ஐந்து மிட்டாய்: ஹாலோவீன் ஒலி நிகழ்ச்சி செய்யும் குழுவுக்கு ஒரு பதில்

கேள்வி: டொராண்டோவில் கல்லூரி முதலாண்டு படிக்கிறேன். ஊடகப் பாடத்துக்காக எங்கள் ஐந்து பேர் குழு ஹாலோவீனை ஒட்டி 20 நிமிட நிகழ்ச்சி ஒன்றை ஒலி வடிவில் மட்டும் செய்து தர வேண்டும். நாடகம், அறிவிப்பு, பொய் விளம்பரம் எதுவும் இருக்கலாம். கேட்பவர் பயப்பட வேண்டும். மூன்று வாரம் இருக்கிறது. கையில் இருப்பவை எங்கள் போன்களும் கல்லூரியில் இரவல் கிடைக்கும் ஒரு மைக்கும்தான். யாருக்கும் முன் அனுபவம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முதல் நாள் நீங்கள் ஐந்து பேரும் கூடிப் பேசும்போது, யாராவது ஒருவர் அலறல், இடி, ஓநாயின் ஊளை, ஆர்கன் இசை என்று ஒரு பட்டியல் போடுவார். வகுப்பறையில் ஆண்டுதோறும் இந்தப் பட்டியலைப் பார்த்து வருகிறேன். தயவுசெய்து அதை ஓரமாக வைத்துவிடுங்கள். அந்தச் சத்தங்களைச் சிறு வயதிலிருந்தே கேட்டுப் பழகிவிட்டதால், 'இப்போது பயப்பட வேண்டும்' என்று காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு பயம் வராது, சிரிப்புதான் வரும். காது நிஜமாக நடுங்குவது, நன்றாகப் பழகிய ஒரு சத்தம் இலேசாகப் பிசகும்போது. அதனால் 20 நிமிடத்தில் முதல் ஆறு ஏழு நிமிடத்தை அந்தப் பழகிய உலகத்தைக் கட்டுவதற்கே கொடுத்துவிடுங்கள்.

ஹாலோவீன் ஒலி நிகழ்ச்சிகளிலேயே மிகப் புகழ்பெற்றது இதைத்தான் செய்தது. 1938 அக்டோபர் 30, ஞாயிறு இரவு 8 மணி. அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில், அப்போது 23 வயதே ஆன ஆர்சன் வெல்ஸின் மெர்க்குரி தியேட்டர் குழு, செவ்வாய்க் கிரகவாசிகள் பூமிக்கு வரும் கதையை நாடகமாக ஒலிபரப்பியது. ஹவர்ட் கோச் எழுதிய ஸ்கிரிப்டில் பயமுறுத்தும் இசை எதுவும் முதலில் வரவில்லை. வந்தது வானிலை அறிக்கை. பிறகு ஒரு ஹோட்டலிலிருந்து நேரடியாக ஒலிபரப்பாவதுபோல நடன இசை. இசை நடுவில் ஒரு சிறு செய்தி. மறுபடி இசை. மறுபடி செய்தி, இந்த முறை கொஞ்சம் நீளம். அன்றைய வானொலி நேயருக்கு இவை தினமும் கேட்கும் சத்தங்கள். அந்த ஒழுங்கு சிறிது சிறிதாக உடைவதுதான் நாடகத்தின் முதல் பாதி.

அதில் செய்தியாளராக நடித்த ஃபிராங்க் ரெடிக், அதற்கு முந்தைய ஆண்டு ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்ததை நேரில் பார்த்து ஹெர்பர்ட் மாரிசன் பதிவுசெய்த ஒலித்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தயாரானார். நிஜமாகவே அதிர்ந்த ஒரு மனிதனின் குரல் எங்கே தடுக்கும், எங்கே மூச்சு வாங்கும் என்று பழகிக்கொண்டார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, வாக்கியம் முடியும் முன் ஒலிபரப்பு அறுந்துவிடும். அதன் பிறகு சில விநாடிகள் எதுவுமே கேட்காது. அந்த நாடகத்தில் வெல்ஸ் எடுத்த மிகத் துணிச்சலான முடிவு அந்த அமைதி என்றே நான் நினைக்கிறேன். உங்களிடம் எந்தக் கருவியும் இல்லாவிட்டாலும் அந்த அமைதி உங்களிடம் இருக்கிறது. அன்று நாடு முழுவதும் மக்கள் தெருவுக்கு ஓடினார்கள் என்ற பத்திரிகைச் செய்திகள் பெரிதும் ஊதப்பட்டவை என்பதையும் சொல்லிவிடுகிறேன், எங்கேயும் அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். நிகழ்ச்சியின் முடிவில் வெல்ஸே வந்து, இது வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு புதரிலிருந்து குதித்துப் பயமுறுத்துவதற்கு வானொலியின் பதில் என்ற பொருளில் பேசி, ஹாலோவீன் விளையாட்டு என்று விடைபெற்றார்.

இனி உங்கள் கதை. கண்ணால் பார்த்தால் நடக்கவே முடியாத, காதால் கேட்டால் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு கதையைத் தேடுங்கள். திரைப்படமாக எடுக்க வேண்டிய கதையைப் படமில்லாமல் எடுத்தால், பாத்திரங்கள் "ஐயோ, அங்கே பார், கறுப்பாக ஒன்று நிற்கிறது" என்று பார்வையற்றவருக்கு வர்ணிப்பதுபோல் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீடு. புதிதாக வாடகைக்கு வந்த பெண் ஒருத்தி ஹாலோவீன் இரவில் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளுக்காகக் கிண்ணத்துடன் காத்திருக்கிறாள். யாழ்ப்பாணத்திலிருக்கும் அம்மாவுடன் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள், ஸ்பீக்கரில். டொராண்டோவில் இரவு எட்டு மணி என்றால் அங்கே விடியற்காலை ஐந்தரை. அம்மாவின் பக்கத்திலிருந்து சேவல் கூவுவதும், கிணற்று வாளி மோதுவதும் கேட்கிறது. இந்தப் பக்கம் காய்ந்த மேப்பிள் இலைகள் காற்றில் உரசுகின்றன. ஒரே போனில் ஒரு முனை விடிகிறது, ஒரு முனை இருட்டுகிறது. இதற்குமேல் 'இது வேறு நாடு, இது இரவு' என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

மணி அடிக்கிறது. நான்கு பிள்ளைகள். நான்கு குரல்கள் "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்கின்றன. அவள் மிட்டாய் போடுகிறாள். பிளாஸ்டிக் பூசணி வாளியில் மிட்டாய் விழும் சத்தம்: டப், டப், டப், டப். ஒரு சிறு இடைவெளி. டப்.

கதவு சாத்தப்படுகிறது. அம்மா கேட்கிறாள்: "அந்த ஐந்தாவது பிள்ளை ஏன் பேசவில்லை?"

"நான்கு பேர்தான் அம்மா வந்தார்கள்."

அவ்வளவுதான் கதை. மகளுக்குக் கண் இருக்கிறது, அவள் நான்கு பேரைப் பார்க்கிறாள். அம்மாவுக்கு அந்த இடத்தில் காது மட்டுமே இருக்கிறது. உங்கள் நிகழ்ச்சியைக் கேட்பவருக்கும் அப்படியே. அம்மாவும் நேயரும் ஒரே பக்கம் உட்கார்ந்துவிடுகிறார்கள், மகள் தனியாக அந்த வாசலில் நிற்கிறாள். அடுத்த முறை மணி அடிக்கும்போது நேயர் தானாகவே எண்ணத் தொடங்குவார், யாரும் சொல்லாமலே. மூன்று நான்கு முறை மணி அடிக்கட்டும். ஒருமுறை, எண்ணிக்கை சரியாக இருக்கட்டும். நேயர் மூச்சு விடுவார். கடைசி முறை அவள் கதவைத் திறக்கும்போது யாருமே இல்லை. இலைகள் மட்டும். கதவைச் சாத்துகிறாள். வீட்டுக்குள், நம் காதுக்கு மிக அருகில், ஒரே ஒரு 'டப்'. போனில் சேவல் கூவுகிறது. முடிந்தது.

இதில் நீங்கள் உழைக்க வேண்டியது அந்த ஐந்தாவது 'டப்' சத்தத்தில். முதல் முறை அதை மைக்கிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நின்று பதிவுசெய்யுங்கள். இரண்டாவது முறை மூன்றடி. மூன்றாவது முறை ஓரடி. கடைசியில் மைக்கிலிருந்து நான்கு விரல் தூரம். எல்லாவற்றையும் ஒரே தூரத்தில் பதிந்துவிட்டு, பிறகு எடிட்டிங்கில் ஒலியளவை மட்டும் ஏற்றி இறக்கினால் போதாது. தூரத்துச் சத்தத்தில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அதிகமாகவும், நேரான ஒலி குறைவாகவும் இருக்கும். அருகில் வர வர அந்த விகிதம் மாறும், கனமும் கூடும். காது இந்த வேறுபாட்டை உடனே கண்டுபிடித்துவிடும். ஒலியைக் கூட்டினால் 'சத்தம் பெரிதாகிவிட்டது' என்று தோன்றும். மைக்கை நெருங்கினால் 'அது கிட்டே வந்துவிட்டது' என்று தோன்றும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

மற்றச் சத்தங்களைச் சமையலறையில் தேடுங்கள். பழைய வானொலிக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். 1934இல் வில்லிஸ் கூப்பர் சிகாகோவில் தொடங்கிய 'லைட்ஸ் அவுட்' என்ற நள்ளிரவுப் பேய் நிகழ்ச்சியில் தலை வெட்டுப்படும் சத்தத்துக்கு முட்டைக்கோஸை வெட்டினார்கள். ஒரு மனிதன் உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பிவிடும் காட்சி ஒன்று அதில் உண்டு. நனைந்த ரப்பர் கையுறையை உரித்துத் திருப்பியும், பழக்கூடையை நொறுக்கியும் அந்தச் சத்தத்தை உண்டாக்கினார்கள். 1938 நாடகத்துக்கு ஒலி அமைத்த ஓரா நிக்கல்ஸின் குழு, விண்கலத்தின் மூடி திறக்கும் சத்தத்துக்காகக் கழிவறையின் எதிரொலிக்குள் ஒரு ஜாடியின் மூடியை மெல்லத் திருகியது என்பார்கள். இந்த வரிசையில் உங்களுக்குச் சில: எலும்பு முறிய, செலரித் தண்டு. நெருப்புக்கு, செலோஃபேன் தாளை மைக்கருகே மெதுவாகக் கசக்குவது. பனியில் நடக்க, சோளமாவுப் பொட்டலத்தை அழுத்துவது. இறக்கையடிப்புக்கு, தோல் கையுறைகளை உதறுவது. இலைகளுக்கு மட்டும் மாற்று வேண்டாம். அக்டோபர் கடைசியில் உங்கள் தெருவிலேயே சாக்கு நிறைய அள்ளலாம், அள்ளி நன்றாகக் காயவையுங்கள். ஈர இலை மைக்கில் வெறும் சேறாகக் கேட்கும்.

ஒலிப்பதிவில் ஒரு கசப்பான அனுபவம் சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு குழு மிக நல்ல ஸ்கிரிப்ட் எழுதியது. ஒரே சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடக்கும் குடும்பக் கதை. ஆனால் நேரம் ஒத்துவரவில்லை என்று ஆளுக்கொரு இடத்தில் தனித்தனியாகப் பேசி அனுப்பிவிட்டார்கள். ஒருவர் குளியலறையில், ஒருவர் நிறுத்திய காருக்குள், ஒருவர் வெறும் சுவர்களுள்ள கூடத்தில். ஒட்டிப் பார்த்தபோது பாட்டி குகைக்குள்ளிருந்தும் பேரன் பெட்டிக்குள்ளிருந்தும் பேசுவதுபோல் இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் வகுப்பே சிரித்துவிட்டது. எழுதிய பெண்ணின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று மாலையே அவர்கள் ஐவரையும் ஒரு படுக்கையறையில் உட்காரவைத்து, சன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு, ஒரே மைக்கைச் சுற்றி நிற்கவைத்து முழுவதையும் மறுபடி பதிந்தோம். இரண்டு மணி நேரம் ஆனது. ஒருவர் பேச்சுக்கு ஒருவர் குறுக்கே பாய்வதும், யாரோ ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிப்பதும் தானாக வந்துவிட்டன. தனித்தனிப் பதிவில் அது எந்நாளும் வராது.

ஆகவே ஒரு மாலையை ஒதுக்கி எல்லோரும் ஒரே அறையில் கூடுங்கள். துணிகள் நிறைந்த அலமாரியும் மெத்தையும் இருக்கும் அறை நல்லது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். அப்போதுதான் 'ப' வரும் இடங்களில் காற்று மோதாது. மிக உரத்த இடம்கூட ஒலியளவு மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலறலைத் தனியாக, தள்ளி நின்று பதியுங்கள், ஒருமுறை வெடித்துப் பதிந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சீராக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிடுங்கள். அணைத்தவுடன் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், பெட்டியை மறுபடி போட மறக்க மாட்டீர்கள். இது படப்பிடிப்பு ஒலிப்பதிவாளர்களின் பழைய வழக்கம்.

இன்னொன்று, புதியவர்கள் எல்லோரும் தவறவிடுவது. பேச்செல்லாம் முடிந்த பிறகு, யாரும் அசையாமல் அந்த அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். அமைதி என்பது ஒன்றுமில்லாதது அன்று. ஒவ்வோர் அறைக்கும் ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. வசனங்களுக்கு நடுவே வெட்டி ஒட்டிய இடங்களில் அந்த இரைச்சலை அடியில் ஓடவிட்டால் தையல் தெரியாது. அதைவிட முக்கியம், அந்த இரைச்சலைத் திடீரென்று நிறுத்தினால் அறையிலிருந்தே ஏதோ வெளியேறிவிட்டதுபோல் இருக்கும். ஐந்தாவது 'டப்' வருவதற்கு முன் ஒரு விநாடி அதை நிறுத்திப் பாருங்கள். எடிட்டிங்குக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் போதும். போன் குரலுக்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிட்டால் பழைய தொலைபேசிக் குரல் வந்துவிடும். ஆழ்ந்த உறுமல் ஒலிகளை நம்பாதீர்கள். உங்கள் பேராசிரியர் போன் ஸ்பீக்கரில் கேட்டால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதுவுமே அவருக்குக் கேட்காது.

குழு வேலை பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 20 நிமிடத்தை ஐந்தால் வகுத்து ஆளுக்கு நான்கு நிமிடம் என்று பிரித்துக்கொள்வது நியாயமாகத் தோன்றும். அப்படிச் செய்த குழுக்களின் நிகழ்ச்சிகள் ஐந்து துண்டுகளாகவே கேட்டன. ஒரே கதைக்குப் பன்னிரண்டு நிமிடம் கொடுங்கள். மீதியில் தொடக்கம், ஒரு தொகுப்பாளர், இரண்டு பொய் விளம்பரங்கள். விளம்பரத்தை லேசாக நினைக்காதீர்கள். 1941இல் தொடங்கிய 'இன்னர் சாங்டம்' என்ற அமெரிக்க வானொலித் திகில் நிகழ்ச்சி கிறீச்சிடும் கதவோடு திறக்கும். பின்னாளில் அதே நிகழ்ச்சியில் லிப்டன் தேயிலைக்காகப் பேசவந்த பெண், தொகுப்பாளரின் கொடூரமான பேச்சைக் கேட்டு முகம் சுளித்துக் கடிந்துகொள்வார். அந்தச் சூடான தேநீர்ப் பேச்சுக்குப் பிறகு வரும் இருட்டு இன்னும் இருட்டாக இருந்தது. நீங்களும் கதையை மிக இறுக்கமான இடத்தில் நிறுத்தி, உற்சாகமான மிட்டாய் விளம்பரம் ஒன்றைப் போடலாம். அந்த விளம்பரத்தின் பின்னணியில் மிட்டாய் விழும் சத்தம் வரட்டும். ஐந்து முறை.

எழுதுவது இருவர், நடிப்பது நால்வர், சத்தங்கள் இருவர், எடிட்டிங் ஒருவர் என்று பிரித்தால் போதும், ஒருவருக்கு இரண்டு வேலை வருவது இயல்பு. ஆனால் கடைசி முடிவெடுக்கும் காது ஒன்றுதான் இருக்க வேண்டும். யார் என்று முதல் நாளே பேசித் தீர்த்துவிடுங்கள், அவர் குரல் நடிப்பில் இல்லாதவராக இருந்தால் நல்லது. தன் குரலைத் தானே வெட்ட யாருக்கும் மனம் வராது. முதல் வாரம் ஸ்கிரிப்டும் ஒத்திகையும், இரண்டாவது வாரத் தொடக்கத்திலேயே பதிவு, மீதி நாட்கள் முழுவதும் எடிட்டிங். எடிட்டிங்குக்கு நீங்கள் நினைப்பதைப்போல் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். கோப்புகளை ஒவ்வோர் இரவும் இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

இணையத்திலிருந்து சத்தமோ இசையோ எடுத்தால் அதன் உரிமத்தைப் படியுங்கள். ஃப்ரீசவுண்ட் தளத்தில் ஒவ்வோர் ஒலிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றுக்குப் பதிவுசெய்தவர் பெயரைச் சொன்னால் போதும், சிலவற்றுக்கு அதுவும் தேவையில்லை. பி.பி.சி.யின் ஒலிக் காப்பகத்தில் கல்விப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பல்லாயிரம் சத்தங்கள் இருக்கின்றன. புகழ்பெற்ற பேய்ப் படத்தின் இசையை எடுக்கவே வேண்டாம், உரிமம் ஒருபுறம் இருக்க, கேட்பவர் உங்கள் வாசலைவிட்டு அந்தப் படத்துக்குள் போய்விடுவார்.

ஒரே ஓர் எச்சரிக்கை, இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். நிஜ அவசர எச்சரிக்கை ஒலியை நிகழ்ச்சியில் பயன்படுத்தாதீர்கள். அமெரிக்காவில் ஒலிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. இதைத் தடைசெய்து, மீறிய நிறுவனங்களுக்கு அபராதமும் விதித்திருக்கிறது. சட்டத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு. 1949 பிப்ரவரியில் ஈக்குவடாரின் குவிட்டோ நகர வானொலி அதே செவ்வாய்க் கிரகக் கதையை உள்ளூர்ச் செய்திபோல் ஒலிபரப்பியது. உண்மையென்று நம்பித் தெருவுக்கு வந்த மக்கள், நாடகம் என்று தெரிந்ததும் கோபத்தில் வானொலி நிலையக் கட்டடத்துக்கே தீ வைத்தார்கள். உயிர்கள் போயின. உங்களைக் கேட்பவர் ஒருவேளை கார் ஓட்டிக்கொண்டு கேட்கலாம். சைரனும் டயர் கிறீச்சிடும் சத்தமும் அவருடைய தெருவில் கேட்பவைபோல் இருக்கக்கூடாது.

எல்லாம் முடிந்ததும், ஒப்படைக்க மூன்று நாள் இருக்கும்போது, கதை தெரியாத ஒருவரை அழைத்து, விளக்கை அணைத்து, ஹெட்ஃபோனைக் கொடுங்கள். நீங்கள் பேசாமல் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தை மட்டும் பாருங்கள். அவர் கை போனைத் தேடும் நிமிடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், அந்த இடங்களில் வெட்ட வேண்டியது இருக்கிறது. இரண்டாவது முறை மணி அடிக்கும்போது அவருடைய விரல்களைக் கவனியுங்கள். மிட்டாய் விழ விழ அவை மடங்கி எண்ணத் தொடங்கினால், அந்தக் காட்சியில் இனி எதையும் தொடாதீர்கள்.